பனியைத் தொடாத இமயமலை – கடிதமும் பதிலும்

வணக்கம். எனக்கு 56 வயது. நானும் மனைவியும் அக்டோபரில் இமயமலைப் பக்கம் ஐந்து நாள் நடக்கலாம் என்றிருக்கிறோம். உத்தராகண்டின் குமாவுன் பகுதியில், பின்சர் பக்கம் ஊர் ஊராக நடந்து அங்கங்கே இரவு தங்கும் பயணம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். நண்பர்களோ, பனியைத் தொடாமல் என்ன இமயமலை, கேதார்காந்தா போ என்கிறார்கள். ஊர்க்காரர் வீட்டில் தங்குவது அவர்களுக்குத் தொந்தரவாகுமோ என்ற தயக்கமும் இருக்கிறது.
– எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

பின்சருக்கே போங்கள். கேதார்காந்தா நல்ல மலைதான், ஆனால் அக்டோபரில் அங்கேயும் பெரிதாகப் பனி இருக்காது. பனிமலையைப் பார்க்கத்தான் ஆசை என்றால் பின்சரில் ஜீரோ பாயிண்ட் என்ற இடத்தில் விடியும் முன்பே போய் உட்காருங்கள். சுமார் 2,400 மீட்டர் உயரம்தான், மழை ஓய்ந்த தெளிவான காலையில் திரிசூல், நந்தா தேவி, பஞ்சசூலி என்று வரிசையாக வெளுத்து வரும்.

நான் உங்களைப் போகச் சொல்வது அதற்காக மட்டும் இல்லை. அங்கே நீங்கள் நடக்கப்போகும் பாதை மலையேறுகிறவர்களுக்காகப் போட்டதில்லை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவும், கோவேறு கழுதையில் மூட்டை ஏற்றிக்கொண்டு வரவும், மாட்டை ஓட்டிப் போகவும் தலைமுறைகளாக மிதித்து மிதித்து உண்டான பாதை. அக்டோபரில் புல் அறுப்பு நடக்கும். குளிர்காலத்துக்கான புல்லைச் சரிவில் அறுத்துக் கட்டி, தலையில் சுமந்து வந்து, கம்பத்தைச் சுற்றிப் போராக அடுக்குவார்கள். பெரும்பாலும் பெண்கள்தான். எதிரே புல்கட்டு வந்தால் மலைப்பக்கமாக ஒதுங்கி நின்று வழிவிடுங்கள். அந்தச் சுமையோடு அவர்கள் ஏறும் வேகத்தைப் பார்த்தபோது, முதுகுப்பையோடு நடக்கிற நாம் எவ்வளவு குறைவாக உழைக்கிறோம் என்று எனக்குப் புரிந்தது.

வழியில் நௌலா வரும். கல்லால் சிறு கோயில்போலக் கட்டி உள்ளே ஊற்றைக் காக்கிற இடம், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். பாஞ்ச் என்கிற ஓக் மரம் நின்றால் ஊற்று நிற்கும் என்பார்கள். அந்தக் காட்டைக் காக்கத்தான் 1988இல் பின்சரைச் சரணாலயமாக்கினார்கள். சீட் என்கிற பைன் மரம் பரவிய சரிவுகளில் காய்ந்த ஊசியிலை, அதை பிருல் என்பார்கள், கோடையில் பற்றிக்கொள்ளும். 2024 ஜூனில் பின்சரில் தீயணைக்கப் போன வனத்துறை ஊழியர்கள் உயிரிழந்தார்கள். அதனால் மே, ஜூனில் போகவே வேண்டாம், புகைமூட்டத்தில் மலையும் தெரியாது.

தொந்தரவு பற்றிக் கேட்டீர்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டு, பேசிய தொகையை அந்த ஊரிலேயே கொடுத்துத் தங்கினால் தொந்தரவில்லை, அது அவர்களுக்கு வருமானம். உத்தராகண்டின் புலம்பெயர்வு ஆணையம் 2018இல் தந்த அறிக்கைப்படி, 2011க்குப் பிறகு மட்டும் 734 ஊர்கள் ஆளில்லாமல் போயின. பூட்டிய கதவுகளை, செதுக்கிய மரச்சட்டத்தோடு பாழடைந்து நிற்கிற வீடுகளை நீங்களும் பார்ப்பீர்கள். ஊரிலேயே பிழைக்க ஒரு வழி இருப்பது அங்கே சின்ன விஷயமில்லை.

சாப்பாட்டில் வீட்டை மறக்கவே மாட்டீர்கள். மண்டுவா ரொட்டி என்பது கேழ்வரகு, ஜங்கோரா நம் குதிரைவாலி, கஹத் தால் சாட்சாத் கொள்ளு. ஈரோட்டுக்காரர் நீங்கள், கொள்ளுப் பருப்பை எப்படி வைப்பீர்கள் என்று அடுப்படியில் சொல்லுங்கள், மொழி தெரியாவிட்டாலும் அங்கிருந்து பேச்சு தொடங்கிவிடும்.

அப்புறம், முட்டிக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் சோதனை, ஆளுக்கொரு கைத்தடி கட்டாயம். ஐந்து நாளில் ஐந்து ஊர் வேண்டாம், மூன்று போதும், ஏதாவது ஓர் ஊரில் இரண்டு இரவு தங்குங்கள். இரண்டாம் நாள் காலையில்தான் முற்றத்தில் நம்மையும் உட்காரச் சொல்லிவிட்டு அவர்கள் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள்.

திரும்பும்போது அரைநாள் இருந்தால் பக்கத்து நகரமான அல்மோராவிலிருந்து ஜாகேஷ்வர் சாலையில் சிதயி கோயிலுக்குப் போய் வாருங்கள். கோலு தேவதா அங்கே நீதி வழங்கும் சாமி. வழக்கு, வேலை, குடும்பச் சண்டை எல்லாவற்றையும் மனுவாக எழுதி, சிலர் முத்திரைத்தாளிலேயே எழுதி, கட்டிவிட்டுப் போகிறார்கள். வேண்டியது நடந்தால் மணி கட்டுவார்கள். எத்தனை ஆயிரம் மணிகள் என்று எண்ண முடியாது.

அன்புடன்.