சின்னக் கடல்நீர்த் தொட்டி: எந்த மீனோடு எந்த மீன் ஒத்துப்போகும்?

2 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி வாங்கியிருக்கிறேன். எந்தெந்தக் கடல் மீன்களைச் சேர்த்து விடலாம்? (நாகர்கோவில்)

விளிம்புவரை நிரப்பினால் 85 லிட்டர் பிடிக்கும். கல், மணல் போக 70 சொச்சம்தான் மிஞ்சும். நான்கு மீனுக்கு மேல் ஆசைப்படாதீர்கள். ஒரு ஜோடி ஒசெல்லாரிஸ் கோமாளி மீன், ஒரு ஃபயர்ஃபிஷ், ஒரு பஜாமா கார்டினல்: என்னைக் கேட்டால் இந்தக் கூட்டுதான். ஃபயர்ஃபிஷ் தன் பொந்துக்கு மேலேயே மிதக்கும், கார்டினல் பகலில் நிழலில் ஒதுங்கும், கோமாளிகள் ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளும். ஒன்றின் இடத்துக்கு இன்னொன்று போட்டிக்கு வராது.

விடும் வரிசை முக்கியம். பயந்த சுபாவமுள்ள ஃபயர்ஃபிஷ் முதலில், அடுத்து கார்டினல், கோமாளிகள் கடைசியில். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரமாவது இடைவெளி கொடுங்கள். அதற்கு முன், மீனே இல்லாமல் தொட்டியை 4 முதல் 6 வாரம் ஓடவிட்டு, மீனுக்கு விஷமான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தனவா என்று சோதியுங்கள். ஃபயர்ஃபிஷ் மிரண்டால் வெளியே துள்ளிவிடும். வலைமூடி கட்டாயம்.

கடையில் கட்டைவிரல் அளவு நீல டேங் மீனைக் காட்டுவார்கள். அது ஒரு அடி வரை வளரும். வேண்டாம்.

இரண்டு கோமாளி மீன்களில் பெரியது சின்னதை விரட்டுகிறது. பிரித்துவிடவா? (குளச்சல்)

சின்னது என்ன செய்கிறது என்று பாருங்கள். உடம்பைச் சாய்த்து வெடவெடவென்று நடுங்கினால், பெரியதுக்குப் பணிந்துவிட்டது என்று அர்த்தம். இந்த மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் வளரும். ஜோடியில் மேலாதிக்கம் பெறுவது பெண்ணாக மாறும். அதிகாரம் யாருக்கு என்று முடிவாகும்வரை இந்த விரட்டல் இருக்கத்தான் செய்யும். துடுப்பு கிழிந்தாலோ, சின்னது இரை எடுக்காமல் மூலையில் ஒடுங்கினாலோ உடனே பிரித்துவிடுங்கள். இனி ஜோடி வாங்கும்போது ஒன்று பெரியது, ஒன்று சின்னது என்று எடுங்கள். குஞ்சுப் பண்ணையில் பிறந்ததா என்றும் கேளுங்கள். அவை குருணை இரைக்குப் பழகியிருக்கும், கடலிலிருந்து பிடிக்கவும் வேண்டியதில்லை. கடலில் கோமாளி மீன் தங்கும் கடல் சாமந்தி (அனிமோன்) தொட்டியில் இல்லாமலே நன்றாக வாழும்.

பாறைக் குழியில் பையன் பிடித்த வரிவரியான மீனைத் தொட்டியில் விடலாமா? (முட்டம்)

அநேகமாக டேம்சல் வகையாக இருக்கும். குஞ்சில் அழகுதான், வளர்ந்தால் தொட்டி முழுக்கத் தனக்கே என்று மற்ற மீன்களைக் கடித்து ஓட்டும். பிடித்த இடத்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். விசிறி போல முள் விரிந்த மீன் கண்ணில் பட்டால் கையே வைக்கக் கூடாது. அது சிங்க மீன், முள்ளில் விஷம். வாயில் அடங்கும் மீனையெல்லாம் விழுங்கிவிடும்.

கடல் குதிரை? (தக்கலை)

கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் உயிர் அது. பவளமும் அப்படியே. அலங்காரத்துக்கு செராமிக் கல் போதும்.

தேங்காப்பட்டணத்திலிருந்து கடல் தண்ணீர் எடுத்து ஊற்றலாமா? (மார்த்தாண்டம்)

குழித்துறை ஆறு கலக்கும் முகத்துவாரம் அது. மழைக்காலத்தில் உப்பு குறைந்துவிடும். முகத்துவாரத்தையும் துறைமுகத்தையும் விட்டுத் தள்ளி, தெளிந்த நீராக எடுங்கள். உப்பின் அளவைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் 1.023 முதல் 1.025 வரை காட்ட வேண்டும். ஆவியாகிக் குறையும் அளவுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். உப்பு ஆவியாகாது என்பதால், அங்கே கடல் தண்ணீரையே ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.