சளி பிடித்தால் பல் வலிப்பது ஏன்?

கேள்வி: ஐந்து நாட்களாகச் சளியும் மூக்கடைப்பும் இருக்கின்றன. நேற்றிலிருந்து மேல்வரிசைக் கடைவாய்ப் பற்கள் இருபக்கமும் வலிக்கின்றன. குனிந்தால் வலி கூடுகிறது. எந்தப் பல் என்று என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை. உடனே பல் மருத்துவரிடம் செல்ல வேண்டுமா, சளி குறையும்வரை காத்திருக்கலாமா?

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் வலி பல்லிலிருந்து அன்றி, அதற்கு மேலே உள்ள சைனஸ் அறையிலிருந்து வருவதாகவே தோன்றுகிறது. மூக்கின் இருபுறமும் கன்ன எலும்புக்குள் ஒவ்வொரு காற்றறை உண்டு. மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் அந்த அறையின் தரைக்குச் சற்றுக் கீழேதான் முடிகின்றன; சிலருக்கு இடையில் இருப்பது மிக மெல்லிய எலும்பு மட்டுமே. அப்பற்களுக்குச் செல்லும் நரம்புகளும் அறையின் சுவரை ஒட்டியே ஓடுகின்றன. சளியால் உட்சவ்வு வீங்கி, மூக்கினுள் திறக்கும் சிறு வாசல் அடைபட்டால், உள்ளே நீர் தேங்கி அழுத்தம் ஏறுகிறது. அதைப் பல்வலி என்றே மூளை எடுத்துக்கொள்கிறது. அந்த வாசல் அறையின் அடியில் இல்லாமல் மேற்பகுதியில் அமைந்திருப்பதால், நாம் நிமிர்ந்து இருக்கும்போதும் நீர் எளிதில் வடிவதில்லை.

பல பற்கள் சேர்ந்து மந்தமாக வலிப்பதும், குனியும்போதோ மாடிப்படி இறங்கும்போதோ வலி கூடுவதும், கன்னம் கனப்பதும் சைனஸின் அடையாளங்கள். ஒரே பல் மட்டும் வலிப்பது, சூடோ குளிர்ச்சியோ பட்டபின் வலி நெடுநேரம் நீடிப்பது, கடித்தால் சுரீரென்பது, ஈறில் கொப்புளம் தோன்றுவது ஆகியவை பல்லின் கோளாறைக் காட்டுகின்றன. கீழ்வரிசைப் பல் வலித்தால் பெரும்பாலும் சைனஸைக் குறை சொல்ல முடியாது. இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு: சீழ் பிடித்த மேல்பல்லே சைனஸில் தொற்றை உண்டாக்கலாம். மூக்கின் ஒரு துளையிலிருந்து மட்டும் துர்நாற்றத்துடன் சளி வந்துகொண்டே இருந்தால், பல் மருத்துவரைப் பார்க்காமல் சைனஸ் சிகிச்சை முழுமையாகாது.

உங்கள் நிலையில் சில நாட்கள் காத்திருக்கலாம். அதற்குள் வலி தாளாமல் பல்லைப் பிடுங்கவோ வேர் சிகிச்சை செய்யவோ அவசரப்பட வேண்டாம். நல்ல பல்லை இழந்தபின் சளி தானே குறைவதைப் பார்ப்பது வருத்தமான அனுபவம். ஆவி பிடிப்பதும் வெதுவெதுப்பான ஒத்தடமும் ஆறுதல் தரும். உப்புநீரால் மூக்கைக் கழுவுவதானால், கொதிக்க வைத்து ஆறிய நீரையே பயன்படுத்துங்கள். அடைப்பை நீக்கும் மூக்குச் சொட்டு மருந்தைச் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் அடைப்பே திரும்பி வரும். வலிக்குப் பாராசிட்டமால் போதும், ஆனால் சளி மாத்திரைகள் பலவற்றிலும் அது கலந்திருப்பதால், இரண்டையும் சேர்த்து விழுங்கி அளவை மீறிவிடாதீர்கள். பெரும்பாலான சளி வைரஸால் வருவதால் ஆன்டிபயாடிக் பயன்படாது.

சளிக்காலத்தில் பல்லுக்கு வேறு தொல்லைகளும் உண்டு. வாயால் மூச்சு விடுவதாலும் சில சளி மருந்துகளாலும் வாய் வறண்டு, உமிழ்நீரின் பாதுகாப்புக் குறைகிறது. அந்த நேரத்தில் சர்க்கரை கலந்த இருமல் மிட்டாயை வாயில் ஒதுக்கி வைத்திருப்பது சொத்தைக்கு வழிவிடுவதாகும். காய்ச்சலோடு வாந்தி எடுத்திருந்தால் உடனே பல் துலக்காமல், நீரால் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள், ஏனெனில் அமிலத்தால் மென்மையான எனாமல் தூரிகையில் தேய்ந்துவிடும்.

10 நாட்கள் கடந்தும் சளி குறையாவிட்டாலோ, குறைந்தபின் காய்ச்சலுடன் மீண்டும் கூடினாலோ மருத்துவரைப் பாருங்கள். மூக்கு தெளிந்த பிறகும் பல் வலித்தால் பல் மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதே முறை. கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல், கழுத்து விறைப்பு, வாயைத் திறக்கவோ விழுங்கவோ சிரமம் என எது தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.