குவாத்தமாலாவை எட்டு நாளில் குடும்பத்தோடு முழுக்கச் சுற்றிப் பார்க்க எப்படித் திட்டமிடுவது?

'முழுக்க' என்ற சொல்லைப் பார்த்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். அந்தச் சொல்லால் என் வீட்டில் இன்னும் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன். பெரியவர்களும் குழந்தையும் வருகிறார்கள் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். எங்கள் கதையும் அதேதான்: நான், மனைவி, ஒன்பது வயது மகள், அப்போது எங்களோடு தங்க வந்திருந்த மாமனார். ஹூஸ்டனிலிருந்து குவாத்தமாலா சிட்டிக்கு மூன்று மணி நேர விமானம். டிசம்பர் விடுமுறை.

திட்டம் போட்டது நான். எக்செல்லில் நிறமெல்லாம் கொடுத்து, ஊருக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு கட்டம். நாட்டின் பரப்பு சுமார் 1,09,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாடே 1,30,000. தமிழ்நாட்டைவிடச் சின்ன நாடு, எட்டு நாள் தாராளம் என்று கணக்குப் போட்டேன். ஆன்டிகுவா, சிச்சிகாஸ்தெனாங்கோ சந்தை, அதித்லான் ஏரி, அங்கிருந்து நாட்டின் நடுவில் செமுக் சம்பே என்ற இயற்கை நீர்க்குளங்கள், அங்கிருந்து வடக்கே ஃப்ளோரெஸ், டிக்கால், விமானத்தில் திரும்புதல். வரைபடத்தில் பார்த்தால் ஒரே கோடாக அழகாக இருந்தது.

என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்று. டிக்கால். மாயா மக்களின் பழைய நகரம், காட்டுக்குள் கோயில்கள். பள்ளிப் புத்தகக் காலத்திலிருந்தே அவளுக்கு அந்த ஆசை. அதை நான் கடைசி நாளில் வைத்தேன். கிளைமாக்ஸ் போல இருக்கட்டும் என்று. சிரிக்காதீர்கள்.

முதல் நான்கு நாள் குறை சொல்ல ஒன்றுமில்லை. விமான நிலையத்திலிருந்து தலைநகரில் தங்காமல் நேரே ஆன்டிகுவா போய்விட்டோம். நாற்பது கிலோமீட்டர்தான், மாலை நெரிசலில் இரண்டு மணி நேரம் ஆனது. அது முதல் எச்சரிக்கை, நான் கவனிக்கவில்லை. (தேடும்போது ஒன்று கவனியுங்கள்: கரீபியனில் ஆன்டிகுவா என்று ஒரு தீவு இருக்கிறது. விமான டிக்கெட் தளத்தில் வெறுமனே ஆன்டிகுவா என்று போட்டால் அங்கேதான் கூட்டிப்போகும்.) 1773 நிலநடுக்கத்துக்குப் பிறகு தலைநகரை வேறு இடத்துக்கு மாற்றியதால் அப்படியே நின்றுபோன ஊர். இடிந்த தேவாலயங்கள், உருளைக்கல் பாவிய தெரு. மாமாவுக்கு முழங்கால் வலி உண்டு, அந்தக் கற்களில் நடக்கத் தடுமாறினார். நல்ல செருப்பு இல்லாத பெரியவர்களை அங்கே நடக்கவிடாதீர்கள். மாலையில் மாடியில் உட்கார்ந்தால் ஃபுவேகோ எரிமலை கரும்புகை விடுவது தெரிந்தது. மகள் ஒவ்வொரு தடவையும் கத்தி எண்ணினாள்.

சிச்சிகாஸ்தெனாங்கோ சந்தை வியாழனும் ஞாயிறும் மட்டுமே கூடும். இதை எக்செல்லில் சரியாகப் போட்டிருந்தேன், அதற்காவது பாராட்டு வேண்டும். சாந்தோ தோமாஸ் தேவாலயப் படிக்கட்டில் கோபால் என்ற பிசினைப் புகைக்கிறார்கள். நம் குங்கிலிய வாசம். மாமா அங்கேயே அரை மணி நேரம் நின்றுவிட்டார்.

ஏரியிலும் ஒரு விஷயம் நேரத்தைப் பொறுத்தது. மதியத்துக்கு மேல் சொகொமில் என்று ஒரு காற்று அடிக்கும். படகு அலையில் தூக்கித் தூக்கிப் போடும். காலை எட்டு மணிப் படகில் சான் ஹுவான் என்ற ஏரிக்கரைக் கிராமத்துக்குப் போய், நாங்கள் தங்கியிருந்த பனஹச்செல்லுக்கு ஒரு மணிக்குள் திரும்பிவிட்டோம். சான் ஹுவானில் ஒரு பெண் தறியின் ஒரு நுனியைத் தூணிலும் மறு நுனியைத் தன் இடுப்பிலும் கட்டிக்கொண்டு நெய்தார். கள்ளியில் வளரும் பூச்சி ஒன்றை என் மகளின் உள்ளங்கையில் நசுக்கினார், ரத்தச் சிவப்பு. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டதும் ஆரஞ்சுக்கு மாறியது. அந்தக் கையைக் கழுவமாட்டேன் என்று அன்று இரவு வரை அடம்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும். இந்தப் பயணத்துக்கு இன்னொரு குடும்பமும் வருவதாக இருந்தது. "நீங்க புக் பண்ணுங்க, கணக்கைப் பிறகு பார்த்துக்கலாம்" என்றார்கள். எட்டுப் பேருக்கான வேன், இரண்டு ஊரில் அறைகள், எல்லாம் என் கார்டில். கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது "பையனுக்கு பாஸ்கெட்பால் கேம்ப்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி. அழுகிற பொம்மையோடு. அறுநூற்று நாற்பது டாலர். நான் கேட்கவில்லை, அவர்களும் பேச்செடுக்கவில்லை. அடுத்த மாதம் பொங்கல் விழாவில் அவர்களில் ஒருவர் என்னிடமே வந்து "ட்ரிப் எப்படி இருந்துச்சு, போட்டோ அனுப்புங்க" என்று கேட்டார் பாருங்கள், அதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. கூட்டாகப் போவதாக இருந்தால் முன்பணம் கைக்கு வந்த பிறகு புக் செய்யுங்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை. பனஹச்செல்லிலிருந்து செமுக் சம்பேவுக்குப் பக்கத்து ஊரான லான்கின். ஒன்பது மணி நேரம் என்று வேன்காரர் சொன்னதை நான் எக்செல்லில் ஏழாகப் போட்டிருந்தேன், கூகுள் அப்படித்தான் காட்டியது. காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். மலையிறங்கி, தலைநகரின் நெரிசலைக் கடக்கவே மதியம். பிறகு எல் ராஞ்சோ சந்திப்பில் வடக்கே திரும்பினால் மறுபடி மலை. ஒரு லாரி குறுக்கே கவிழ்ந்து கிடந்ததில் இரண்டரை மணி நேரம் நின்றோம். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. ஒரு அம்மா கூடையோடு வந்து வேன் வேனாகத் தமாலே என்ற மக்காச்சோள மாவுக் கொழுக்கட்டை விற்றார். அதற்குப் பிறகு வளைவுகள். மகள் முதலில் ஒரு தடவை வாந்தி எடுத்தாள். பிறகு எண்ணிக்கை விட்டுப்போனது. கோபான் ஊருக்குள் நுழையும்போது இருட்டிவிட்டது, குழந்தை துணிபோலக் கிடக்கிறாள், உடம்பு சுடுகிறது. லான்கினுக்கு இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல், அதுவும் மோசமான சாலை. மனைவி ஓட்டுநரிடம் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அவ்வளவுதான். புதனும் வியாழனும் கோபானில் ஒரு விடுதி அறை. மருந்துக்கடையில் சுவேரோ என்று கேட்டால் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாட்டிலாகத் தருவார்கள், அதுதான் மகளைத் தூக்கி நிறுத்தியது. வெள்ளிக்கிழமை தலைநகர் திரும்பினோம். செமுக் சம்பேயும் போயிற்று, டிக்காலும் போயிற்று.

ஆனால் கோபானைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மாமா கோபித்துக்கொள்வார். அவருக்குச் சொந்த ஊர் போடிநாயக்கனூர். நாற்பது வருடம் ஏலக்காய் வியாபாரம். போடியில் ஏலக்காய் விலை இறங்கினால் டீக்கடையில் முதலில் திட்டு வாங்குவது இந்த நாடுதான். "குவாட்டிமாலாவா? நம்ம விலையைக் கெடுக்கிற ஊராச்சே மாப்பிள்ளை" என்றுதான் டிக்கெட் எடுக்கும்போதே சொன்னார். உலகத்திலேயே அதிகம் ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் நாடு இது. அதில் பெரும்பகுதி விளைவது கோபானைத் தலைநகராகக் கொண்ட ஆல்தா வேராபாஸ் மாகாணத்தில். 1914 வாக்கில் ஒரு ஜெர்மன் காபித் தோட்டக்காரர் இந்தியாவிலிருந்து கொண்டுவந்து ஊன்றியது. இந்த ஊர்க்காரர்கள் சமையலில் அதைத் தொடுவதேயில்லை, எல்லாம் அரபு நாடுகளுக்குக் காபியில் போடப் போகிறது. இதெல்லாம் மாமாவுக்கு மனப்பாடம். அந்த ஊருக்குள்ளேயே நாங்கள் மாட்டிக்கொண்டோம் என்பது மட்டும் புதன் காலை வரைக்கும் அவருக்கு உறைக்கவில்லை.

கோபானில் நாள் முழுக்க ஒரு தூறல் விழும். சிப்பி-சிப்பி என்பார்கள். குடை பிடிக்கிற அளவுக்கு இல்லை, பிடிக்காமல் போனால் நனைந்துவிடும். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள், மனைவி பக்கத்தில். என்னோடு அந்த அறையில் இருக்க அவள் அவ்வளவாக விரும்பவில்லை. அதனால் நானும் மாமாவும் வெளியே வந்தோம். நான்கு தெரு தாண்டியதும் அவர் நின்று மூக்கை உயர்த்தினார். ஒரு பிக்கப் வண்டி நிறையச் சாக்கு. சாக்கின் இடுக்கில் பச்சைக் காய். கேட்கவே இல்லை, ஒன்றை எடுத்து உரித்து வாயில் போட்டுக்கொண்டார். வண்டிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா நெஞ்சைத் தொட்டு "இந்தியா, இந்தியா, கார்டமம்" என்றார். அங்கே அதற்குப் பெயர் கார்தமோமோ. வண்டிக்காரருக்குப் புரிந்துவிட்டது.

உள்ளே கூட்டிப்போனார். விறகு எரித்துக் காயை உலர்த்தும் கொட்டகை. நம் பக்கத்தில் ஏலக்காய் ஸ்டோர் என்பார்களே, அதேதான். வெக்கை முகத்தில் அடித்தது. மாமா விரலால் ஐந்து, ஒன்று என்று காட்டினார். ஐந்து கிலோ பச்சைக் காய் காய்ந்தால் ஒரு கிலோ. அவர் தலையாட்டி அதே ஐந்தையும் ஒன்றையும் திருப்பிக் காட்டினார். பிறகு விலை. அதற்கு என் மொழிபெயர்ப்புச் செயலி தேவைப்பட்டது. ஊர்க்காரர்கள் இடைத்தரகர்களைக் கோயோத்தே, அதாவது ஓநாய் ஜாதி, என்கிறார்கள் என்று தெரிந்ததும் மாமாவுக்கு ஒரே சந்தோஷம். எங்கள் ஊரில் சொல்கிற பேரை இங்கே எழுத முடியாது. வெளியே வந்து, கைப்பிடிக் காய்களை உள்ளங்கையில் உருட்டியபடி, "காய் எட்டு மில்லிமீட்டர் இருக்கும். நிறம் பரவாயில்ல. மணம் நம்ம காய்க்குக் கொஞ்சம் கம்மிதான் மாப்பிள்ளை" என்று தீர்ப்புச் சொன்னார். தீர்ப்புச் சொன்ன பிறகும் அன்று முழுக்க அந்தக் கையை மோந்துகொண்டிருந்தார்.

அதனால் அவரைக் கேட்டால் அது நல்ல பயணம். என் மனைவியைக் கேட்டால் வேறு பதில்.

இங்கே சிலர் வந்து "நாங்கள் ஐந்து நாளில் எல்லாம் முடித்தோம், பழைய அமெரிக்கப் பள்ளிப் பேருந்திலேயே போனோம்" என்று எழுதுவீர்கள். போயிருப்பீர்கள். முதுகில் ஒரு பையும் இருபத்தைந்து வயதும் இருந்தால் நானும் போயிருப்பேன். கேட்டவர் குழந்தையோடும் பெரியவர்களோடும் போகிறார். இன்னும் சிலர் "அந்த நாட்டுக்கெல்லாம் குடும்பத்தோடு போகலாமா, பாதுகாப்பா?" என்று ஆரம்பிப்பீர்கள். இரவில் சாலைப் பயணம் வேண்டாம், தலைநகரில் தெருவில் கைப்பேசியை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். எங்களுக்கு ஒரு ஆபத்தும் வரவில்லை, என் எக்செல்லைத் தவிர.

மறு வருடம் மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும் போனோம். தலைநகரில் இறங்கி அன்றே உள்நாட்டு விமானம், ஒரு மணி நேரத்தில் ஃப்ளோரெஸ். சாலையில் போனால் ஐந்நூறு கிலோமீட்டர், ஒன்பது பத்து மணி நேரம். ஏரி நடுவில் ஒரு குட்டித் தீவு ஊர் அது. மறுநாள் இருட்டோடு வேன், ஒன்றரை மணி நேரத்தில் டிக்கால். காடு விடியும்போது ஊளைக் குரங்குகள் கத்தும். முன்கூட்டித் தெரியாவிட்டால் புலி என்றுதான் நினைப்பீர்கள். நான்காம் கோயிலுக்கு ஏற மரப்படிகள் போட்டிருக்கிறார்கள். சுமார் 65 மீட்டர் உயரம், 8ஆம் நூற்றாண்டில் கட்டியது. மேலே உட்கார்ந்தால் பனிமூட்டம், அதற்குள்ளிருந்து மற்ற கோயில்களின் உச்சி மட்டும் கல்லாக எட்டிப் பார்க்கிறது. என் மனைவி ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "இதை எட்டாவது நாள்ல வச்சிருந்தீங்க, இல்ல?" என்றாள்.

ஆகவே உங்கள் எட்டு நாளுக்கு நான் சொல்வது: வீட்டில் யாருக்கு எந்த இடம் உயிரோ அதை முதல் இரண்டு நாளில் முடித்துவிடுங்கள். டிக்கால் என்றால் விமானத்தில் போய் இரண்டு இரவு ஃப்ளோரெஸ், திரும்பி ஆன்டிகுவாவில் மூன்று இரவு, ஏரியில் இரண்டு. இடையில் வியாழனோ ஞாயிறோ வந்தால் சந்தை. செமுக் சம்பேயை விட்டுவிடுங்கள். கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், வேன்காரர் சொல்லும் மணியோடு மூன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை குறைவு. ஆன்டிகுவாவிலும் ஏரியிலும் இரவு குளிரும், பெரியவர்களுக்கு ஸ்வெட்டர் வேண்டும்.

இந்தியக் கடவுச்சீட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்ததால் எங்களிடம் தனி விசா கேட்கவில்லை. விதி மாறக்கூடியது, கிளம்பும் முன் தூதரகத் தளத்தில் பார்த்துவிடுங்கள். படகு, பிக்கப், சந்தை எல்லாம் ரொக்கம்தான், அந்த நாட்டுப் பணமான கெட்சாலைச் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். சைவம் என்றால் "சின் கார்னே" (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொல்லி ஏமாறாதீர்கள். அவர்கள் கணக்கில் கோழி கார்னே இல்லை, தட்டில் கோழியோடு வந்து நிற்பார்கள். "நி போயோ" (கோழியும் வேண்டாம்) என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். கருப்பு பீன்ஸ், மக்காச்சோளத் தோர்த்தியா ரொட்டி, முட்டை, அவகாடோ எங்கும் கிடைக்கும். மாமா ஊறுகாய் பாட்டிலோடு எட்டு நாளும் சமாளித்தார்.

போகும் தேதி ஈஸ்டருக்கு முந்தைய வாரமா? அப்படியென்றால் ஆன்டிகுவாவில் தெருவெல்லாம் மரத்தூளில் கம்பளம் போடுவார்கள், பார்க்க வேண்டியதுதான். ஆனால் அறைக்கு இப்போதே சொல்லிவையுங்கள். பெரியவர்களுக்கு வயது என்ன, மலைப்பாதையில் வேனில் போனால் தலைசுற்றுமா என்பதையும் எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.