கண்ணாடி போட்ட கங்காரு

கேள்வி: கோவை உக்கடத்தில் பழைய புத்தகக் கடையில் ஒரு குட்டி ஆங்கில நாவல் எடுத்தேன். அட்டையில் கண்ணாடி போட்ட கங்காரு ஒன்று புத்தகம் படிக்கிறது. இது எந்தக் கம்பெனிங்க? விலை போகுமா?
- வாசகர் ஒருவர், கோபிசெட்டிபாளையம்

பதில்: அந்தக் கங்காருவுக்குப் பேரே உண்டுங்க, கெர்ட்ரூட். வரைந்த ஃபிராங்க் லீபர்மேன் தன் மாமியார் பேரை வைத்துவிட்டார். நம்ம பக்கத்து மாப்பிள்ளை இப்படிச் செய்திருந்தால் தீபாவளிக்கு விருந்து கிடைத்திருக்காது.

கம்பெனி, நியூயார்க்கின் பாக்கெட் புக்ஸ். ராபர்ட் டி கிராஃப் என்பவர், சைமன் அண்ட் ஷுஸ்டர் பதிப்பகத்தாரைக் கூட்டு சேர்த்துக்கொண்டு 1939-ல் தொடங்கியது. அந்தக் கூட்டாளிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1924-ல் குறுக்கெழுத்துப் புதிர்ப் புத்தகத்தோடு ஒரு பென்சிலையும் சேர்த்து விற்றுக் கடையைத் திறந்தவர்கள்.

கெட்டி அட்டைப் புத்தகம் இரண்டு டாலருக்கு மேல் விற்ற காலத்தில் டி கிராஃப் வைத்த விலை 25 சென்ட். எல்லாரும் இந்த விலையைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். பழைய புத்தகத்திலேயே பொழுதைக் கழிக்கிற எனக்கு விலையைவிட அவர் பிடித்த வழிதான் பெரிதாகப் படுகிறது. புத்தகக் கடையை மட்டும் நம்பாமல், பத்திரிகை போடுகிற ஏஜென்டுகளிடமே சரக்கைக் கொடுத்தார். மருந்துக்கடை, சுருட்டுக்கடை, ரயில் நிலையம் என்று வாராந்தரிகள் தொங்கிய இடமெல்லாம் நாவலும் வந்தது. ஈரோடு பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழத் தாருக்குப் பக்கத்தில் மாத நாவல் கிளிப்பில் தொங்குமே, அதே கணக்குதான். இங்கிலாந்தில் பென்குயின் 1935-லேயே மலிவுப் பதிப்பு போட்டுவிட்டது என்பதும் நிஜம். ஆனால் அவர்கள் அட்டையில் படம் போடாமல் கௌரவமாக இருந்தார்கள். கங்காருக்காரர்கள் வண்ணப்படம் போட்டுக் கண்ணை இழுத்தார்கள்.

அப்புறம் கம்பெனி பல கை மாறியது. இப்போது சைமன் அண்ட் ஷுஸ்டரோடு சேர்த்து, 2023-ல் 162 கோடி டாலர் கொடுத்த கேகேஆர் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கையில்.

சரி, விலைக்கு வருவோம். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பாருங்கள், எந்த மாதம் எத்தனையாவது அச்சு என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். 1939-ல் வந்த முதல் பத்துப் புத்தகங்களில் ஒன்று, அதுவும் முதல் அச்சு என்றால் சேகரிப்பவர்கள் தேடி வருவார்கள். பத்தாவது, பதினைந்தாவது அச்சு என்றால் படித்துவிட்டு வையுங்கள். ஒன்று மட்டும்: முதுகில் தையல் கிடையாது, வெறும் பசை. அகலமாக விரித்தால் பக்கம் பக்கமாகக் கையோடு வந்துவிடும்.