இன்னொரு ரியூசன் வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீடு மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம். மகள் இந்த முறை சாதாரண தரப் பரீட்சை (O/L) எழுதப் போகிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் மண்முனைப் பாலம் தாண்டி வகுப்புக்குப் போய், இருட்டிய பிறகுதான் வருகிறாள். ஐந்து பாடத்துக்கு ரியூசன். ஆனாலும் போன தவணை கணிதத்தில் 27 புள்ளிதான். வேறொரு ரியூசன் சேரிடமும் விடச் சொல்கிறார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். சோதனைக்கு மூன்று மாதம் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: வேண்டாம் தங்கச்சி. இருக்கிற வகுப்பிலேயே ஒன்றிரண்டைக் குறைக்கலாமா என்று மகளோடு இருந்து பேசுங்கள். சேர் பலகையில் கணக்குச் செய்யும்போது எல்லாம் விளங்கிவிட்ட மாதிரித்தான் இருக்கும். அதே கணக்கை மறுநாள் வெறும் தாளில் தனியே செய்யச் சொன்னால் பேனை நகராது. மகளுக்கு இப்போது தேவை, தானே எழுதிப் பார்க்க நேரம். பள்ளிக்கூடம், பஸ், வகுப்பு என்று ஓடினால் அது எங்கிருந்து வரும்?

27ஐப் பார்த்துப் பயப்படாதீர்கள். சாதாரண சித்திக்கு 100க்கு 35 போதும். இரண்டு வினாத்தாளும் சேர்ந்து 200 புள்ளி, அதைத்தான் பாதியாக்குகிறார்கள். ஆக, 200க்கு 70 எடுத்தால் சரி. முதலாம் தாளின் A பகுதியில் 25 சிறிய வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. அதில் 18 சரியென்றால் 36 வந்துவிட்டது. B பகுதியில் பின்னம், சதவீதம், பரப்பளவு, நிகழ்தகவு மாதிரி 5 வினாக்கள், பத்துப் பத்துப் புள்ளி. பாதி எடுத்தாலே 25. மிச்சம் 9தான். இரண்டாம் தாளில் வரைபு, மீடிறன் பரம்பலில் இடை (சராசரி) காண்பது, கவராயத்தால் அமைப்பது எல்லாம் ஏறக்குறைய ஒவ்வொரு வருடமும் வருபவை. அதில் ஒன்றை முழுதாகச் செய்தாலும் கரை சேரலாம். படிமுறைக்கும் புள்ளி உண்டு என்பதால், விடை வராவிட்டாலும் வெறுமையாக விட்டுவிட்டு எழும்பக் கூடாது. கல்குலேற்றர் கொண்டுபோக முடியாது, அதனால் வாய்ப்பாடு மனதில் நிற்க வேண்டும்.

இனி உங்கள் வேலை. கடந்தகால வினாத்தாள்களையும், பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டத்தையும் தேடி எடுங்கள். வகுப்பில்லாத நாளில் மகளை மேசையில் இருத்தி, மணிக்கூட்டை முன்னால் வைத்து, போனை வாங்கிக்கொண்டு ஒரு முதலாம் தாளை எழுதவிடுங்கள். அதற்கு 2 மணித்தியாலம். எழுதி முடிந்ததும் அவளே சிவப்புப் பேனையால் திருத்தட்டும். பிழைத்த கணக்குகளை மட்டும் ஒரு கொப்பியில் எழுதி, இரண்டு மூன்று நாள் கழித்து, விடையைப் பார்க்காமல் திரும்பச் செய்ய வேண்டும். அப்போதும் வராததைப் பள்ளிக்கூடத்துக் கணித ஆசிரியரிடம் கொண்டுபோகட்டும். குறிப்பாக ஒரு கணக்கைக் காட்டிக் கேட்கிற பிள்ளைக்கு எந்த ஆசிரியரும் நேரம் தருவார்.

எட்டாம் வகுப்போடு நின்றது இதற்குத் தடையே இல்லை. பக்கத்தில் இருந்து, “இது எப்படி வந்தது, எனக்குச் சொல்லு” என்று கேளுங்கள். உங்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லப் பார்க்கும்போது, தான் எங்கே தடுமாறுகிறேன் என்று அவளுக்கே தெரிந்துவிடும். படித்த அம்மாவால்தான் இதைச் செய்ய முடியும் என்றில்லை.

விடிய நாலு மணிக்கு எழுப்ப வேண்டாம், இருட்டி வீடு வருகிற பிள்ளைக்கு நித்திரை வேண்டும். வேளாண்மை வேலை வந்தாலும் இந்த மூன்று மாதம் அவளை வயலுக்கோ சமையலுக்கோ கூப்பிடாதீர்கள். வீட்டுக்காரரிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

மகளிடம் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. கணிதம் தவறினால் அடுத்த முறை அந்தப் பாடத்தைத் திரும்ப எழுதலாம். 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியில், சாதாரண தரம் சித்தியடையாதவர்களும் தொழிற்பாடப் பிரிவில் சேர்ந்து படிக்கலாம். அந்தப் பிரிவு எந்தப் பாடசாலைகளில் இருக்கிறதென்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். பெறுபேறு வரும்வரை வைத்திருக்காமல், இந்தக் கிழமையே அவளிடம் சொல்லிவிடுங்கள்.