கார்புரேட்டரை மாற்றுவதற்கு முன்னால்

கேள்வி: ஐயா, அப்பா வாங்கிய 1978 அம்பாசிடர் மார்க் 3 பெட்ரோல் வண்டி எங்களிடம் இருக்கிறது. ஆயில் குடித்துப் புகை தள்ளியதால் ரீபோர் செய்து (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து), புது பிஸ்டன் போட்டு, ஹெட் வேலையும் பார்த்தோம். பட்டறைக்கு நான்தான் ஓட்டிப் போனேன். வேலை முடிந்த பிறகு ஸ்டார்ட் ஆகவே இல்லை. முதலில் செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) முக்கி முக்கிச் சுற்றியது, கார்புரேட்டருக்குப் போகும் சோக் கேபிள் தொட முடியாதபடி சுட்டது. வேறு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து, எர்த்தை இன்ஜின் பிளாக்கில் மாட்டியதும் வேகமாகச் சுற்றியது. ஆனாலும் பிடிக்கவில்லை. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் வழியாக 'டப்' என்று தீ துப்புகிறது. கார்புரேட்டர் போய்விட்டது, புதிது போடலாம் என்கிறார் மெக்கானிக். போடலாமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள், தம்பி. பட்டறை வரைக்கும் இந்தக் கார்புரேட்டரில்தானே ஓடி வந்தது? ஓடி வந்த வண்டி வேலைக்குப் பிறகு நின்றால், கழற்றி மாட்டிய இடங்களைத்தான் முதலில் பார்ப்பேன். மதுரையில் டாக்சி அம்பாசிடர்களோடு முப்பது வருஷம் கழித்தவன் நான். உங்கள் கடிதத்தில் இரண்டு கோளாறு தெரிகிறது.

முதலாவது, சுடுகிற சோக் கேபிள். இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. செல்ஃப் இழுக்கும் கரண்ட் பாடிக்குத் திரும்பிப் போக, பின்னிய பட்டையாக ஒரு எர்த் ஸ்ட்ராப் இருக்கும். இன்ஜினை இறக்கி ஏற்றும்போது அதை மாட்ட மறப்பது சகஜம். வழி இல்லாத கரண்ட் சோக் கேபிளில் புகுந்து போகிறது, அதனால்தான் அந்தச் சூடு. எர்த்தை நேராக பிளாக்கில் கொடுத்ததும் செல்ஃப் நன்றாகச் சுற்றியதே, அதற்கு மேல் சாட்சி வேண்டாம். ஸ்ட்ராப்பைத் தேடி, இரண்டு முனையிலும் பெயிண்டையும் துருவையும் சுரண்டிவிட்டு இறுக்குங்கள். கேபிளின் உறை உருகியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது தீ துப்புவது. இதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். ஒரு சிலிண்டர் ஒரு முறை வெடிக்க, பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். அதனால் கிராங்க் முனைப் புல்லியில் இருக்கும் டைமிங் மார்க் இரண்டு தடவை நேருக்கு வரும். ஒன்று கம்ப்ரஷன் (கலவையை அமுக்குவது) முடியும்போது, இன்னொன்று எக்ஸாஸ்ட் (புகையை வெளியேற்றுவது) முடியும்போது. இரண்டாவதைப் பார்த்து, பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டிவிட்டால், இன்லெட் வால்வு திறக்கிற நேரத்தில் பிளக் பொறி விடும். உள்ளே வருகிற பெட்ரோல் ஆவி பற்றி, கார்புரேட்டர் வழியாகத் திரும்பி வந்து வெடிக்கும். உங்கள் வண்டியில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

சோதிப்பது சுலபம். இக்னிஷனை அணைத்துவிட்டு, ரேடியேட்டர் பக்கம் இருக்கும் ஒன்றாம் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றுங்கள். துளையை ஒருவர் விரலால் மூடிக்கொள்ளட்டும், நீங்கள் வண்டியின் முன்னால் ஹேண்டில் போட்டு இன்ஜினை மெதுவாகச் சுற்றுங்கள். கட்டை விரலும் மற்ற விரல்களும் ஹேண்டிலின் ஒரே பக்கம் இருக்க வேண்டும். திருப்பி அடித்துக் கட்டை விரல் முறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹேண்டில் இல்லையென்றால் டாப் கியரில் போட்டு வண்டியைத் தள்ளுங்கள். காற்று விரலைத் தள்ளும்போது மார்க்கில் நிறுத்தி, ராக்கர் கவரைத் திறந்து பாருங்கள். ஒன்றாம் சிலிண்டரின் வால்வுகளை அமுக்கும் இரண்டு ராக்கரும் லேசாக ஆட வேண்டும். இப்போது டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் தூக்கினால், உள்ளே சுற்றும் ரோட்டர் ஒன்றாம் பிளக் ஒயரின் முனையைப் பார்க்க வேண்டும். நாலாம் ஒயரைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்தது.

சரிசெய்ய எதையும் கழற்ற வேண்டாம். வெடிக்கும் வரிசை 1-3-4-2. மூடியில் 1-ஐயும் 4-ஐயும், 2-ஐயும் 3-ஐயும் இடம் மாற்றிக் குத்தினால் போதும், பிடித்துவிடும். அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டரை லேசாகத் திருப்பி டைமிங்கை வைத்துக்கொள்ளலாம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயிண்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரோட்டர் சரியான இடத்தையே பார்த்தால், பிளக் ஒயர்கள் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். இந்த வண்டியில் ரோட்டர் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். வரிசையை வலமாக எண்ணி மாட்டினாலும் இதே போலத் துப்பும்.

அதுவரைக்கும் செல்ஃபை ஓயாமல் அடிக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். எரியாத பெட்ரோல் புது சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும், ரீபோருக்குக் கொடுத்த காசு வீணாகும். இவ்வளவு அடித்த பிறகு நாலு பிளக்கையும் கழற்றித் துடைத்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, ஹேண்டிலால் சில சுற்றுச் சுற்றுங்கள். தீ துப்புவது நிற்கும் வரை யாரும் கார்புரேட்டர் மேல் குனிய வேண்டாம். ஏர் கிளீனரை மாட்டியே வையுங்கள், பக்கத்தில் ஒரு வாளி மணலும் இருக்கட்டும்.

பிடித்தவுடன் ஆயில் பிரஷர் விளக்கைப் பாருங்கள். சில விநாடிகளில் அணையாவிட்டால் உடனே இன்ஜினை நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள்.