தினமும் ஒரே எளிய உணவையே நம்பி வாழ முடியுமா? சலித்துவிடாதா?

முடியும். நான் தர்மபுரி மாவட்டத்தைச் சேர்ந்தவன். வேலைக்காக வெளியூரில் குடியிருக்கிறேன். கடந்த ஆறு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் வாரத்தில் ஐந்து நாட்களாவது இரவு உணவு கேழ்வரகுக் களிதான்.

சலிப்பு களியால் வருவதில்லை, தொட்டுக்கொள்ள ஒரே குழம்பை வைப்பதால்தான் வருகிறது என்பது என் அனுபவம். களிக்கென்று அழுத்தமான சுவை கிடையாது. அதனால்தான் ஒரு நாள் கீரைக் கடைசலோடும், மறுநாள் கொள்ளுச் சாற்றோடும், பனிக்காலத்தில் பச்சை அவரைக்கொட்டைக் குழம்போடும் அது வெவ்வேறு உணவாகிவிடுகிறது.

தொடக்கத்தில் எனக்குக் களி கட்டி தட்டியது. அம்மா தொலைபேசியில் சொன்ன பக்குவம் இது: ஒரு பங்கு மாவுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் வைத்து, ஒரு கைப்பிடி நொய்யரிசியை அதில் குழைய வேகவிட்டு, மாவை நடுவில் குவியலாகக் கொட்டிக் கிளறாமல் மூடிவிட வேண்டும். துடுப்பின் காம்பால் குவியலில் ஒரு துளையிட்டால் கொதிநீர் அதன் வழியே மேலேறி உள்மாவையும் வேகவைக்கும். பத்து நிமிடம் கழித்து அடுப்பைத் தணித்து, பானையை அசையாமல் பிடித்துக்கொண்டு, தோள் வலிக்கும் அளவுக்குக் கிண்ட வேண்டும். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் வேகவில்லை.

சத்தைப் பொறுத்தவரை, 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. ஆனால் புரதம் 7 கிராம்தான், அதிலும் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. அந்தக் குறையைப் பருப்பும் பயறும் ஈடுசெய்வதால், அவரைக்கொட்டையும் கொள்ளும் களியோடு சேர்ந்தே வருவதை நான் வெறும் ருசி சார்ந்த பழக்கமாகக் கருதவில்லை. மாவை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு ஊறுகாயோடு நாட்களை ஓட்டுவதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். (முளைகட்டிய மாவு நல்லதுதான் என்றாலும் அதில் களி இறுகாது, அது கஞ்சிக்கே பொருந்தும்.)

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கேழ்வரகு சர்க்கரையைக் குறைக்கும் என்று நம்பி, நீரிழிவு உள்ள என் அப்பா இரவில் இரண்டு பெரிய உருண்டைகள் சாப்பிட்டுவந்தார். சர்க்கரை அளவு ஏறியதே தவிர இறங்கவில்லை. நைசாக அரைத்த மாவுக்களியும் மாவுச்சத்துதான் என்று விளக்கிய மருத்துவர், ஒரு சிறிய உருண்டையும் அதற்கு இரு மடங்கு கீரையும் பயறும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். இன்று வரை அப்பா அந்த அளவைத்தான் கடைப்பிடிக்கிறார்.

2023இல் தர்மபுரி, நீலகிரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு வந்தபோது எங்கள் ஊரில் பலரும் மனமார மகிழ்ந்தார்கள்.

தனியாகச் சமைப்பவருக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. இரவில் மிஞ்சிய உருண்டையைத் தண்ணீரில் போட்டு வைத்தால், காலையில் மோரும் உப்பும் சேர்த்துக் கையால் கரைத்து, நான்கு சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டு வேலைக்குப் புறப்படலாம். மதியம் ஒரு மணி வரை எனக்குப் பசிப்பதில்லை.